துரைசானிக்கு ஆபரேசன்

கொஸ்லந்தயில் நெடுநாள் பூட்டிக் கிடந்த ஒரு விடுதியை யாரோ புதிதாக வாங்கியிருந்தார்கள். அதன் ஜன்னல்களுக்குத் திரைச்சீலை அளவெடுக்கப் பதுளையிலிருந்து கலாராணி போயிருந்தாள். பதுளை பஜாரில் வீரசிங்கம் முதலாளியின் துணிக்கடையில் திரைச்சீலை தைப்பது அவள் வேலை. அளவெடுக்கவும் அவளே போவாள். அடுத்தவர் எடுத்த அளவை நம்பி அவள் துணியில் கத்தரி வைப்பதில்லை. முன்பக்கத்து ஜன்னல்களை முடித்துவிட்டு, அளவுநாடாவைத் தோளில் போட்டபடி சமையலறைப் பக்கம் போனபோது வெளியே ஒரு கூடு கண்ணில் பட்டது.

கம்பிவலை அடித்த மரக்கூடு. மேல்தகரம் ஒரு பக்கம் பெயர்ந்து மழைத்தண்ணீர் உள்ளே சொட்டிக்கொண்டிருந்தது. நனையாத மூலையில் சாம்பல் நிற முயல் ஒன்று ஒடுங்கிக் கிடந்தது. ஒரு காதின் நுனி கிழிந்திருந்தது. நகங்கள் வளர்ந்து வளைந்திருந்தன. நெஞ்சில் மயிர் இல்லாமல் தோல் தெரிந்தது.

"பழைய ஆளுங்க விட்டுட்டுப் போனது" என்றார் அங்கே வேலையாட்களைப் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி. "டூரிஸ்ட்டு புள்ளைங்க வெளையாடறதுக்கு ஒரு கூட்டமே வச்சிருந்தாங்களாம். குட்டிங்கள ஆளுக்கொண்ணு தூக்கிட்டுப் போயிட்டாங்க. இது கெழடு. யாருக்கும் வேணாம். காவக்காரன் போட்ட புல்லுலதான் இவ்வளவு நாளும் கெடந்துச்சு."

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"நாளைக்கு நம்ம ஆளுங்களுக்குக் கறியாக்கலாம்னு இருக்கேன். எலும்புந்தோலுமாத்தான் இருக்கு. பாருங்க." அவர் கூட்டைத் திறந்து கழுத்தைப் பிடிக்கக் கையை விட்டார். முயல் உறுமியது. முயல் உறுமும் என்பதே கலாராணிக்கு அதுவரை தெரியாது. அடுத்த நொடி மேஸ்திரி கையை உதறிக்கொண்டு பின்னால் வந்தார். பெருவிரலில் இரத்தம்.

கலாராணி ஒரு கணம் அந்த முயலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நனைந்து, மெலிந்து, போக இடமில்லாமல் மூலையில் நெருக்குண்டு கிடந்தும் அது பணிந்து போகவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

"இத நான் கொண்டு போறேன்" என்றாள்.

"கடிக்கும்மா."

"பரவாயில்ல. ஒரு பெட்டி மட்டும் குடுங்க."

தரைக்கு ஒட்டும் ஓடுகள் வந்த பெட்டியில் அதை வைத்து, மூடியில் கத்தரியால் துளையிட்டு, மடியில் தூக்கி வைத்துக்கொண்டு பஸ்சில் பதுளைக்கு வந்து சேர்ந்தாள். வழியெல்லாம் பெட்டிக்குள்ளிருந்து பின்னங்கால் அடி தொடையில் விழுந்துகொண்டே இருந்தது.

நகரத்தை ஒட்டிய பதுலுப்பிட்டியவில் இரண்டு அறை வாடகை வீடு. அம்மா வேலாயியும் அவளும் மட்டும்தான். வேலாயி மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுத்து ஓய்ந்தவள். லயத்து வீட்டை உறவுக்காரருக்கு விட்டுவிட்டு மகளோடு வந்து சில வருடங்களாகிவிட்டன.

பெட்டியைத் திறந்து பார்த்த வேலாயி, "கறிக்கா?" என்று கேட்டாள்.

"வளக்க."

"வளக்கறதுன்னா குட்டியா வாங்கியிருக்கலாமே. இது நம்ம வீட்டுல சாகறதுக்கு வந்த மாதிரியில்ல இருக்கு."

"குட்டிய எல்லாரும் வாங்குவாங்கம்மா."

சமையலறையை ஒட்டியிருந்த ஒதுக்கிடத்தை அதற்கு விட்டார்கள். முதல் வாரம் அது யாரையும் கிட்டே விடவில்லை. புல் போடப் போனாலும் உறுமல், தட்டை எடுக்கப் போனாலும் உறுமல். பொன்னாங்காணியைத் தின்னும், வல்லாரையை முகர்ந்துவிட்டுத் தள்ளிவிடும். கரட் இலை வாடியிருந்தால் தட்டையே கவிழ்த்துவிடும். தனக்குப் பிடிக்காத எதையும் பின்னங்காலால் தரையில் ஓங்கி ஓர் அடி அடித்துச் சொல்லும்.

"அப்பாடி, எங்க தோட்டத்துத் துரையோட பொஞ்சாதி, அந்தப் பெரிய பங்களா துரைசானி தோத்தா" என்றாள் வேலாயி. "அந்த மனுசி இப்படித்தான், தேத்தண்ணி ஆறியிருந்தா கால ஒதைப்பா."

துரைசானி என்ற பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கலாராணி கடைக்குப் போன பிறகு பகலெல்லாம் வேலாயியும் துரைசானியும்தான் வீட்டில். ஒரு நாள் மாலை அவள் திரும்பி வந்தபோது வேலாயி தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். துரைசானி அவள் பாதத்தை ஒட்டிப் படுத்திருந்தது. கலாராணி கிட்டே வந்ததும் எழுந்து உறுமியது.

"ஒன்னய அதுக்குப் பிடிக்கல" என்று வேலாயி சிரித்தாள். மகள் கொண்டு வந்த விருந்தாளி தன் பக்கம் சாய்ந்ததில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

நகம் வெட்டுவதற்காகக் கலாராணி அதைப் பதுளையில் மிருக வைத்தியர் பிரவீனனிடம் கொண்டு போனாள். இளவயது டாக்டர். ஆடு மாடுகளும் நாய்களும்தான் அவரிடம் அதிகம் வரும். முயலைத் துவாயில் சுற்றிப் பிடித்து, பல்லைப் பார்த்து, வயிற்றை மெல்ல அமுக்கிப் பார்த்தார்.

"அஞ்சு ஆறு வயசு இருக்கும் அக்கா. பொட்டை. நெஞ்சு மயிர இதுவேதான் பிச்சிருக்கு. வயித்துல குட்டி இல்லாமலே குட்டி போடப் போற மாதிரி இதுகளுக்கு ஒரு நெனப்பு வரும். அப்ப மயிரப் பிச்சு மெத்தை போடும். கோவம், கடி எல்லாம் அதோட சேந்ததுதான்."

"அதுக்கு மருந்து இருக்கா?"

"ஆபரேசன் செஞ்சு கர்ப்பப்பைய எடுக்கலாம். சின்ன வயசுலயே செய்யறதுதான் நல்லது. இதுக்கு வயசு போயிடுச்சு, மயக்க மருந்து தாங்குமாங்கிறது ஒரு கேள்வி." அவர் கொஞ்சம் தயங்கினார். "ஆனா எடுக்காம விட்டாலும் பயம் இருக்கு. பொட்டை முயலுங்களுக்கு இந்த வயசுக்கு மேல கர்ப்பப்பையில கட்டி வர்றது ரொம்ப சாதாரணம். புற்றுநோய். வந்தா வெளியில தெரியறதுக்குள்ள பரவிடும்."

"நீங்க செய்வீங்களா?"

"நான் நாய்க்குச் செய்வேன். வயசான முயல்ல கை வைக்க எனக்குப் பழக்கம் போதாதுக்கா. பேராதனை பல்கலைக்கழக மிருக ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். நீங்க யோசிச்சிட்டு சொல்லுங்க."

கலாராணிக்கு யோசிக்க அதிகம் இருப்பதாகத் தோன்றவில்லை. கொண்டு வந்தாயிற்று, அது நல்லபடியாக இருக்க வேண்டும், அதற்கு எது வேண்டுமோ அதைச் செய்ய வேண்டியதுதான். வீட்டுக்கு வந்து தேநீர் ஊற்றிக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள்.

வேலாயி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"வேணாம்" என்றாள்.

"ஏம்மா?"

"வாயில்லாத ஜீவன். அதோட வயித்துல இருக்கறத எடுக்க அதுகிட்ட யாரு கேட்டா?"

"முயல்கிட்ட எப்படிம்மா கேக்கறது? அதோட நல்லதுக்குத்தானே."

"எங்கிட்டயும் அதத்தான் சொன்னாங்க. ஒன்னோட நல்லதுக்குத்தான்னு."

கலாராணிக்கு முதலில் விளங்கவில்லை. வேலாயி மகளைப் பார்க்காமல், பார்வையை அடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஒன் தம்பி பொறந்து ரெண்டு நாளு. எனக்கு இருபத்துமூணு வயசு இருக்கும். தோட்டத்து லொறி வந்து நின்னுச்சு. புள்ள பெத்தவளுக எல்லாரும் ஏறுங்கன்னாங்க. தடுப்பூசி போடத்தான் கூட்டிட்டுப் போறாங்கன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரிக்குப் போனதும், ரெண்டு போதும், இனி புள்ள வேணாம், ஒனக்கு நல்லதுன்னாங்க. நான் வேணும்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. சொல்றதுக்கு நேரமே விடல. பெருவெரலப் பிடிச்சு மையில அமுக்கி ஒரு தாள்ல ஒத்திக்கிட்டாங்க. என்னா வெட்டப் போறீங்க, எங்க வெட்டப் போறீங்கன்னு கேக்க எனக்கு வாய் வரல. கேட்டவளுகள அதட்டினாங்க. ஒங்கப்பாவுக்கே நான் வீட்டுக்கு வந்துதான் சொன்னேன்."

புவனேந்திரன் என்று ஒரு தம்பி இருந்ததும், எட்டு மாதத்தில் வாந்தி பேதியில் போனதும் கலாராணிக்குத் தெரியும். அதற்குப் பிறகு வீட்டில் குழந்தை இல்லாததற்குக் கடவுள் கொடுக்கவில்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அம்மாவும் அதை மறுத்துச் சொன்னதில்லை.

"அவனுக்கு முடியாமப் போன அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக லொறி கேட்டோம்" என்றாள் வேலாயி. "லொறி இல்லன்னாங்க. அவன் போனான். பொறகு இன்னொண்ணு பெத்துக்கலாம்னு வயித்தத் தொட்டுப் பாத்தா, அங்க ஒண்ணுமில்ல. மறுபடி விடியக்காலைல பெரட்டுல போய்ப் பேர் குடுத்தேன், கொழுந்து எடுத்தேன். யாரு என்னத்த சொல்ல முடியும்?"

அவள் எழுந்து போய்த் துரைசானியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அதன் பிறகு பல நாள் கலாராணி தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தபடியே இதையே நினைத்தாள். அம்மாவுக்குச் செய்ததும் முயலுக்குச் செய்யப் போவதும் ஒன்றல்ல என்று அறிவுக்குத் தெரிந்தது. ஆனால் 'உன் நல்லதுக்குத்தான்' என்ற அந்த வார்த்தையைத் தானும் அவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறோமே என்று உறுத்தியது. திரும்பவும் பிரவீனனிடம் போனாள். இந்த முறை வேறு கேள்விகளோடு.

"செய்யாம விட்டா கட்டி கட்டாயம் வருமா டாக்டர்?"

"கட்டாயம்னு சொல்ல மாட்டேன். நெறைய முயலுக்கு வரும். இதுக்கு வராமலும் போகலாம்."

"செஞ்சா சாகுமா?"

"நல்லா பழகினவங்க செஞ்சா பெரும்பாலும் பொழைக்கும். பெரும்பாலும்தான்."

"நீங்களா இருந்தா?"

"பேராதனைக்குக் கொண்டு போய்ச் செய்விப்பேன். ஆனா இது என் முயல் இல்லையே அக்கா."

அந்த நேர்மை அவளுக்குப் பிடித்திருந்தது, முடிவெடுக்கத்தான் உதவவில்லை. அம்மாவை மீறிக்கொண்டு செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. செய்யாமல் விட்டுவிடவும் மனம் வரவில்லை. இப்படியே மழைக்காலம் வந்துவிட்டது.

மழை நாள் ஒன்றில் துரைசானி மெத்தை போடத் தொடங்கியது. கலாராணி கொண்டு வந்து வைத்திருந்த திரைச்சீலைத் துண்டுகளை வாயில் கவ்விக் கவ்வி மூலைக்கு இழுத்தது. அதன் மேல் உலர்ந்த புல்லைப் பரப்பியது. பிறகு தன் நெஞ்சு மயிரை, அப்போதுதான் வளர்ந்திருந்த புது மயிரை, பிய்த்துப் பிய்த்து அதன் மேல் அடுக்கியது. தோல் சிவந்து புண்ணாகியும் நிறுத்தவில்லை. சாப்பாட்டைத் தொடவில்லை. கிட்டே வந்த வேலாயியையும் அன்று கடித்துவிட்டது.

வேலாயி கோபப்படவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, அது படும் பாட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பாரு புள்ள, எவ்வளவு அக்கறையா விரிக்கிறா" என்றாள். "வரப்போற புள்ளைக்குன்னு. வயித்துல ஒண்ணுமில்லன்னு அவளுக்கு யாரு சொல்றது?"

வெறும் மெத்தையின் பக்கத்தில் துரைசானி இரண்டு நாள் காவல் இருந்தது. பிறகு மெத்தையை மறந்துவிட்டது. ஆனால் பழையபடி தின்னவில்லை.

அடுத்த வாரம் கடையிலிருந்து வந்தபோது தையல் மேசையின் மேல் ஒரு செய்தித்தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. துரைசானிக்குக் கீழே விரிக்கும் தாள். கலாராணி பிரித்துப் பார்த்தாள். சிவப்பாகக் கறை.

வேலாயி வாசற்படியில் நின்றிருந்தாள்.

"காலைல கண்டேன்" என்றாள். "சுருட்டி அடுப்புல போட்டுடலாம்னுதான் மொதல்ல கையில எடுத்தேன். நீ பாத்தா வெட்டக் கொண்டு போயிடுவன்னு. பொறகு மனசு வரல. அது வலிக்குதுன்னு காட்டுது, நான் மறைச்சா அது பாவம்."

பிரவீனன் பரிசோதித்துப் பார்த்தார். முயலுக்குச் சில கீரைகள் தின்றாலும் சிறுநீர் சிவப்பாகப் போகுமாம். இது கீரையல்ல, இரத்தம்தான் என்றார். வயிற்றை அமுக்கும்போது விரலுக்கு ஏதோ தட்டுப்படுகிறது என்றும் சொன்னார். "இனி யோசிச்சுக்கிட்டு இருக்கறதுல அர்த்தமில்ல அக்கா. செய்யறதுன்னா உடனே."

வீட்டுக்கு வரும் வழியிலேயே கலாராணி முடிவெடுத்துவிட்டாள். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். வேலாயி அவளைப் பேச விடவில்லை.

"போலாம்" என்றாள். "ஆனா நானும் வர்றேன். வெட்டப் போற டாக்டர நான் பாக்கணும். எனக்குச் சிலது கேக்கணும். அதுக்குச் சரியா பதில் சொல்லாட்டி முயலத் தூக்கிட்டு வந்துடுவேன், நீ என்ன சொன்னாலும் சரி."

"சரிம்மா."

மறுநாள் கடையில் விடுமுறை கேட்டபோது வீரசிங்கம் முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். கல்யாண வீட்டு வேலைகள் குவிந்திருந்த நேரம்.

"யாருக்கு முடியல? அம்மாவுக்கா?"

"முயலுக்குங்க முதலாளி."

"முயலுக்கா?"

"ஆமாங்க. பேராதனைக்குக் கொண்டு போறோம். வந்ததும் ஞாயித்துக்கெழமையும் இருந்து தச்சுக் குடுக்கறேன். இப்ப போகாட்டி முடியாது."

அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவள் இப்படி நின்றால் நகர்த்த முடியாது என்று அவருக்குத் தெரியும். "போயிட்டு வா" என்று கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

காலை ரயிலில் புறப்பட்டார்கள். பஸ்சின் வெக்கையும் குலுக்கலும் முயலுக்கு ஆகாது என்று ரயில். மூடியுள்ள பிரம்புக் கூடையில் துரைசானி. வேலாயி கூடையைத் தரையில் வைக்கவே விடவில்லை. பண்டாரவளை, அப்புத்தளை, நானுஓயா தாண்டியும் அவள் மடியில்தான் இருந்தது. அடிக்கடி விரலை உள்ளே விட்டு, மூக்கு அசைகிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அன்றிரவு பேராதனையில் முதலாளிக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் தங்கி, விடிந்ததும் மிருக வைத்தியசாலைக்குப் போனார்கள்.

அங்கே அவர்களைப் பார்த்தவர் இஸ்ரா என்ற டாக்டர். தலையில் பச்சை முக்காடு, சின்னக் குரல். அக்குறணைக்காரர், தமிழிலேயே பேசினார். சுற்றி மாணவர்கள் நான்கைந்து பேர் நின்றார்கள். துரைசானியை எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்து, இரத்தம் எடுத்துப் பார்த்து, அன்றைக்கே செய்துவிடலாம் என்றார். கலாராணியிடம் சம்மதப் பத்திரத்தை நீட்டினார்.

வேலாயி மகளின் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"கொஞ்சம் பொறுங்க டாக்டர். நான் கேக்கலாமா?"

"கேளுங்கம்மா."

"எங்க வெட்டுவீங்க?"

டாக்டர் மாணவர்களில் ஒருவரிடம் துரைசானியைத் தூக்கிக் காட்டச் சொல்லி, தொப்புளுக்குக் கீழே விரலால் ஒரு கோடு காட்டினார். "இவ்வளவுதாம்மா. இந்த நீளம்."

"என்னத்த எடுப்பீங்க?"

"கர்ப்பப்பையும் முட்டைப்பை ரெண்டும்."

"எடுக்கறப்ப அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நல்ல தூக்கத்துல இருக்கும்."

"முழிச்ச பொறகு?"

"வலிக்கும். வலிக்கு ஊசி குடுப்போம். வீட்டுக்குப் போகும்போதும் மருந்து தருவோம். வலி இருந்தா முயல் சாப்பிடாது, அதனால வலிய விடவே மாட்டோம்."

வேலாயி நிறுத்தவில்லை. மாணவர்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"செத்துப்போகுமா?"

டாக்டர் உடனே இல்லை என்று சொல்லவில்லை. "போகலாம்மா. வயசு இருக்கு, ரத்தமும் போயிருக்கு. நாங்க எங்களால முடிஞ்சத செய்வோம். அதுக்கு மேல நான் வாக்குக் குடுத்தா அது பொய்."

"செய்யாட்டி?"

"உள்ள கட்டி இருக்கு, படத்துல தெரியுது. கொஞ்ச மாசம் இருக்கும். கடைசியில ரொம்பக் கஷ்டப்படும்."

"இது யாருக்கு வேண்டிச் செய்றீங்க? எங்களுக்குக் கடிக்காம இருக்கறதுக்கா, இல்ல அதுக்காகவா?"

இஸ்ரா டாக்டர் பத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு வேலாயியின் பக்கம் முழுவதாகத் திரும்பினார். "அதுக்காகத்தாம்மா" என்றார். "கடிக்கறது நின்னாலும் நிக்கும், நிக்காமலும் போகும்."

வேலாயி துரைசானியின் தலையில் கையை வைத்தாள். நெற்றியிலிருந்து காது வரை ஒரு தடவை நீவினாள்.

"கையெழுத்து போடு கலா" என்றாள்.

வெளியே மரத்தடி வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். வேலாயி சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். கலாராணி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்விகளை அவள் எத்தனை காலமாக வாய்க்குள் வைத்திருந்தாளோ. தேநீர் வாங்கி வந்து கொடுத்தாள். அது ஆறும்வரை வேலாயி குடிக்கவில்லை.

வெயில் ஏறிய பிறகு டாக்டர் வந்தார். முகமூடியை இறக்கியிருந்தார். "நல்லபடியா முடிஞ்சுதும்மா. கட்டி ரெண்டு. வேற எங்கயும் பரவின மாதிரித் தெரியல. எடுத்தத பாக்கறீங்களா? வேணாம்னாலும் சரி."

"காட்டுங்க" என்றாள் வேலாயி.

எஃகுத் தட்டில் இருந்ததைக் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். கலாராணிக்கு அதைப் பார்க்க முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இத வச்சுக்கிட்டுத்தான் இவ்வளவு நாளும் இருந்திருக்கா" என்றாள் வேலாயி. "நாமெல்லாம் கோவக்காரின்னு சொல்லிக்கிட்டிருந்தோம்."

ஆனால் அதோடு முடியவில்லை. மயக்கம் தெளிந்த துரைசானி தின்ன மறுத்தது. புல்லை முகரவும் இல்லை. சாப்பிடாத முயலுக்குக் குடல் நின்றுவிடும், புழுக்கை போடும்வரை தான் நிம்மதியாக இருக்கப் போவதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். தீவனத்தை ஊறவைத்துக் கூழாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் கடைவாய் வழியாக ஊட்டக் காட்டிக் கொடுத்தார். கலாராணி முயன்றாள். துரைசானி பல்லை இறுக்கிக்கொண்டது. கூழ் முழுவதும் அவள் கையில்தான் வழிந்தது.

"இங்க குடு" என்று வேலாயி சிரிஞ்சை வாங்கினாள். முயலைத் துவாயோடு மார்பில் அணைத்து, தாடையைச் சுண்டுவிரலால் நீவி நீவி, ஒரு சொட்டு விட்டாள். துப்பியது. இன்னொரு சொட்டு விட்டாள். "துப்பு. எத்தன தடவ துப்புவ பாக்கறேன். எனக்கு வேற வேலையில்ல." மூன்றாவது சொட்டு உள்ளே போனது. அன்று பகல் முழுவதும் அவள் அந்த இடத்தைவிட்டு எழும்பவில்லை. கூழ் காய்ந்தால் கலாராணி புதிதாகக் கரைத்துக் கொடுப்பாள், வேலாயி ஊட்டுவாள். வைத்தியசாலையிலேயே வைத்துப் பார்க்கிறோம், நீங்கள் போய்ப் படுத்துவிட்டு வாருங்கள் என்று மாலையில் சொன்னபோதும், அவர்கள் எப்படி ஊட்டுகிறார்கள் என்று பார்த்துத் திருப்தியான பிறகுதான் கிளம்பினாள்.

காலையில் போகும் வழியில் வேலாயி ஒரு மரக்கறிக் கடையில் நின்று ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கினாள். கடைக்காரர் கொடுத்ததை வேண்டாமென்று, பனி காயாத கட்டாகத் தானே தேடி எடுத்தாள். கூண்டைத் திறந்து ஒரு இலையைத் துரைசானியின் மூக்கருகில் பிடித்தாள். மூக்கு ஆடியது. அவ்வளவுதான். இலையை நசுக்கி, வாசம் வரும்படி மறுபடியும் பிடித்தாள். துரைசானி தலையைத் தூக்கியது. இலையின் நுனியைக் கவ்வியது. மென்றது. அடுத்த இலையைத் தானே இழுத்துக்கொண்டது.

பகலுக்குள் புழுக்கையும் வந்தது. சின்னது, சின்னதாக நாலைந்து. கலாராணி ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். தட்டைச் சுற்றி டாக்டரும் மாணவர்களும் தாயும் மகளும் நின்று முயல் புழுக்கையைப் பார்த்து முகம் மலர்ந்ததை வேறு யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ.

பதுளைக்குத் திரும்பி இரண்டு வாரத்தில் பிரவீனன் தையலைப் பிரித்தார். துரைசானிக்கு நெஞ்சில் மயிர் அடர்ந்து வளர்ந்தது. அது பிறகு மெத்தை போடவில்லை. சாந்தமாகிவிட்டதா என்றால், அதுவும் முழுதாக இல்லை. வாடிய இலை வைத்தால் இன்றும் கால் அடிதான். கலாராணியைக் கடிப்பதை மட்டும் விட்டுவிட்டது. தையல் மேசைக்குக் கீழே வந்து அவள் பாதத்தில் தாடையை வைத்துப் படுக்கும். இயந்திரம் ஓடும் அதிர்வு அதற்குப் பிடிக்கிறதுபோல.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வேலாயி கேட்டாள். "நடக்கறப்ப இடுப்புக்குக் கீழ இழுக்குதுன்னு சொன்னேனே, ஞாபகமிருக்கா?"

"எப்பம்மா சொன்ன?"

"சொல்லல. இப்பத்தான் சொல்றேன். லயத்துல இருந்தப்பவே உண்டு. இந்த பொம்பளைங்களுக்குப் பாக்கற கிளினிக் எந்தக் கெழமை?"

"சுகவனிதையர் கிளினிக்கா? வியாழக்கெழமை போல."

"ஒனக்கும் முப்பத்தஞ்சு தாண்டிடுச்சே. நீ போய்க் காட்டினியா?"

கலாராணி சோற்றைப் பிசைந்தாள். "போகணும்."

"ரெண்டு பேரும் போறோம். முதலாளிகிட்ட சொல்லி வை."

வியாழக்கிழமை போனார்கள். பெண்கள் நீளமாக உட்கார்ந்திருந்தார்கள். வேலாயியின் முறை வந்ததும் குடும்பநல மாது திரைச்சீலையை விலக்கி, உள்ளே வந்து படுக்கச் சொன்னார். வேலாயி எழுந்து போனாள், படுக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் நேராக உட்கார்ந்துகொண்டு, கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

"மொதல்ல என்ன செய்யப் போறீங்கன்னு சொல்லுங்க மிஸ்" என்றாள். "கேட்டுட்டுப் படுக்கறேன்."

வெளியே வாங்கில் இருந்த கலாராணிக்கு அது கேட்டது. பக்கத்தில் இருந்த இளம்பெண் ஒருத்தி மெல்லச் சிரித்தாள். உள்ளே அந்த மாது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காரும் சத்தமும், பிறகு நிதானமாக ஒவ்வொன்றாகச் சொல்லும் குரலும் வந்தன. நடுநடுவே அம்மா, "சரி, பொறகு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.